பால் பல்லும் பிள்ளையார் கொழுக்கட்டையும்

குழந்தையின் ஈறில் அரிசி நுனிபோல் ஒரு வெண்மை அரும்பும் நாள், இல்லத்தில் எல்லோர் முகமும் மலரும் நாள். பாலூட்டும் தாய்க்கே பெரும்பாலும் அது முதலில் தெரியவரும். அல்லது வெள்ளிக் கரண்டியால் தண்ணீர் புகட்டும்போது ‘டிக்’ என்று மெல்லிய ஓசை கேட்கும். உடனே பாட்டியார் கையைக் கழுவிக்கொண்டு வந்து, விரலால் ஈறைத் தடவிப் பார்த்து, “பல் முளைத்துவிட்டது” என்று அறிவிப்பார். அந்த மகிழ்ச்சிக்கு நடுவே, வீட்டுக்குள்ளிருந்து யாரேனும் ஒருவர் கேட்பார்: “கீழ்ப் பல்லா, மேல் பல்லா?”

கீழ்ப் பல் என்றால் பேச்சு அத்துடன் முடிந்துவிடும். மேல் பல் என்றால் குரல் தாழும். மேல் பல் முதலில் முளைத்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார் ஒருவர். பரிகாரம் செய்தாக வேண்டும் என்பார் மற்றொருவர். பிறக்கும்போதே பல்லோடு பிறந்த குழந்தை என்றால் அச்சம் இருமடங்காகும். அதன்பின் அந்தக் குடும்பத்தில் யாருக்கு என்ன துன்பம் நேர்ந்தாலும், தொட்டிலில் கிடக்கும் மழலையின் மீதும் அதைப் பெற்றவள் மீதும் கண்கள் திரும்பும். பேசவும் அறியாத பிஞ்சு, தன் செயலால் நேராத ஒன்றுக்காகப் பழி சுமக்கும்.

இந்த அச்சம் இன்று நேற்றுத் தோன்றியதன்று. மிகப் பழைய காலத்திலேயே இது இருந்திருக்கிறது. அதற்கு நம் முன்னோர் அளித்த விடையும் அதே அளவு பழைமையானது. அந்த விடையை நாம் மறந்து அச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே வருத்தத்திற்குரியது.

வேதம் கண்ட முதற்பல்

அதர்வ வேதத்தின் ஆறாம் காண்டத்தில் 140ஆம் சூக்தம் மூன்றே மந்திரங்களைக் கொண்டது. அது யாகத்தைப் பற்றியதன்று. போரைப் பற்றியதும் அன்று. ஒரு குழந்தைக்கு மேல் வரிசையில் முதலில் முளைத்த இரண்டு பற்களைப் பற்றியது! இவ்வளவு சிறிய இல்லற நிகழ்ச்சிக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்பதே நெகிழ்ச்சி தருகிறது.

அந்த முனிவர் அச்சத்தை மறைக்கவில்லை. அவ்விரு பற்களையும், பெற்றோரை உண்ண விழைந்து வளர்ந்து நிற்கும் இரு புலிகளாக உருவகிக்கிறார். ஆனால் அடுத்துச் செய்வது என்ன? குழந்தையை விலக்கச் சொல்லவில்லை, சபிக்கவில்லை. பிரமணஸ்பதியையும் அக்கினி தேவனையும் அழைத்து, இந்தப் பற்களை மங்கலமானவையாக ஆக்கியருளுமாறு வேண்டுகிறார். பிறகு பற்களிடமே பேசுகிறார். அரிசி, யவம் என்னும் வாற்கோதுமை, உளுந்து, எள் ஆகியவற்றைப் பெயர் சொல்லி, அவற்றை உண்ணுமாறும், அவையே உங்களுக்கென ஒதுக்கப்பட்ட பங்கு என்றும், தாய் தந்தையர்க்குத் தீங்கு செய்ய வேண்டா என்றும் கேட்டுக்கொள்கிறார். இறுதியில் அப்பற்களை இனிய நண்பர்களாக வரவேற்று முடிக்கிறார்.

இச்சூக்தத்தை எவ்வாறு பயன்படுத்த வேண்டும் என்பதைக் கௌசிக சூத்திரம் கூறுகிறது. மந்திரத்தில் சொல்லப்பட்ட தானியங்களைக் குழந்தை கடிக்கும்படி செய்ய வேண்டும். சாந்தி நீரில் வேகவைத்த அத்தானியங்களைக் குழந்தைக்கு ஊட்ட வேண்டும். பெற்றோரும் அதில் உண்ண வேண்டும். பரிகாரம் இவ்வளவுதான். ஒரே பாத்திரத்து அன்னத்தைத் தாயும் தந்தையும் குழந்தையும் பகிர்ந்து உண்பது! அச்சத்தால் பிரியக்கூடிய மூவரை, அன்னத்தால் ஒன்றாக அமரச் செய்கிறது வேதம். மேல் பல்லைக் கண்டு முகம் சுளிப்பவர்கள், ‘சாஸ்திரம் சொல்கிறது’ என்று வாயெடுக்குமுன் இந்தச் சாஸ்திரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இன்றைய மருத்துவமும் இங்கே ஆறுதல் கூறுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கீழ் நடுப்பற்கள் முதலில் முளைக்கின்றன. சிலருக்கு மேல் பற்கள் முந்திக்கொள்கின்றன. இரண்டும் இயல்பே. பல்லோடு பிறப்பதும் அரிதே தவிர அபசகுனம் அன்று. அவற்றுள் பெரும்பாலானவை, முந்தி வெளிப்பட்ட பால் பற்களே. அத்தகைய பல் மிகவும் ஆடினாலோ, பாலூட்டும் தாய்க்கும் குழந்தையின் நாவுக்கும் புண் உண்டாக்கினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டிலேயே பிடுங்க முயலக் கூடாது. வேண்டியது மருத்துவரின் கண்; வேண்டாதது அயலாரின் நாக்கு.

பல்லுக்குப் பங்கு அன்னம்

‘உங்கள் பங்கு தானியம்’ என்று பற்களிடம் சொன்ன அந்த எண்ணம், நம் இல்லச் சடங்குகளிலும் விளங்குகிறது. ஆறாம் மாதத்தில் அன்னப்பிராசனம் செய்ய வேண்டும் என்று கிருஹ்ய சூத்திரங்கள் விதிக்கின்றன. குலதெய்வத்தின் சந்நிதியிலோ, குருவாயூரப்பன் திருமுன்பிலோ பெரியவர் மடியில் குழந்தையை அமர்த்திச் சோறூட்டுகிறோம். ஏறத்தாழ அதே பருவத்தில்தான் முதற்பல்லும் ஈறைத் திறந்துகொண்டு எட்டிப் பார்க்கிறது. தாய்ப்பாலோடு திட உணவையும் தொடங்க உகந்தது ஆறு மாதம் நிறைந்த காலம் என்று இன்றைய குழந்தை மருத்துவர்கள் கூறுவதும் இதனோடு ஒத்துப்போகிறது.

ஈழத் தமிழர் இல்லங்களில் இம்மகிழ்ச்சி இன்னும் அழகான வடிவம் கொள்கிறது. அங்கே குழந்தைக்குப் பல் முளைத்ததும் ‘பல்லுக் கொழுக்கட்டை’ என்னும் விழா எடுக்கிறார்கள். அரிசி மாவைப் பிசைந்து, வறுத்து வேகவைத்த பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்து, பிறை வடிவில் கொழுக்கட்டை பிடிப்பார்கள். அதன் விளிம்பில் தேங்காய்ச் சொட்டுகளைச் சிறு சிறு பல்லாக நறுக்கிப் பதிப்பார்கள். பார்த்தால் பல் வரிசையோடு சிரிக்கும் வாய்போலவே இருக்கும்.

பிள்ளையாருக்குப் படைத்த பின், குழந்தையை நீராட்டிப் புத்தாடை உடுத்தி நடுவில் அமர்த்துவார்கள். தலைக்கு மேல் வெள்ளைத் துணியைக் குடைபோல் பிடித்துக்கொள்ள, கொழுக்கட்டைகளை அதன்மேல் கொட்டுவார்கள். சூழ்ந்திருக்கும் சிறுவர் ஆரவாரத்தோடு பொறுக்கிக்கொள்வார்கள். குழந்தையின் முன்னே ஒரு தட்டில் புத்தகம், எழுதுகோல், பொன் நகை, பணம் முதலியவற்றை வைத்து, அது எதைத் தொடுகிறது என்று ஆவலோடு பார்ப்பதும் உண்டு. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மட்டுமல்லாமல், புலம்பெயர்ந்து லண்டனிலும் டொராண்டோவிலும் வாழும் குடும்பங்களும் இவ்விழாவை விடாமல் போற்றிவருகின்றன. ஊரும் வீடும் இழந்து சென்றவர்கள், குழந்தையின் முதற்பல்லுக்கான கொழுக்கட்டையைக் கைவிடவில்லை.

வேதத்தின் அரிசியும் உளுந்தும் எள்ளும், ஈழத்தின் அரிசி மாவும் பயறும். எண்ணம் ஒன்றே: ‘பல்லே வருக, உனக்கு உணவு இதோ இருக்கிறது, இந்த வீட்டில் எல்லோரோடும் கூடி உண்டு மகிழ்க.’

கொம்பொடித்த பெருமான்

பல்லுக்கு விழா எடுக்கும் வீட்டில் பிள்ளையாரை ஏன் முன்னிறுத்துகிறோம்? எந்தச் செயலுக்கும் அவரே முதல்வர் என்பது பொதுவான காரணம். ஆனால் இங்கே சிறப்பான உறவும் உண்டு. அவருடைய திருநாமங்களுள் ஒன்று ஏகதந்தர். அதாவது ஒற்றைக் கொம்பர். கொம்பென்று நாம் சொல்வதும் யானையின் பல்லே. மேல்தாடை வெட்டுப்பல்தான் தந்தமாக நீண்டு வளர்கிறது.

அக்கொம்பு ஒடிந்த வரலாறு பலவாறு கூறப்படுகிறது. கஜமுகாசுரனை அடக்கத் தம் கொம்பையே ஒடித்துப் படையாக எறிந்தார் என்பது கந்தபுராணம் காட்டும் வரலாறு. வியாசர் சொல்லச் சொல்ல மகாபாரதத்தை எழுதுவதற்காக அதையே எழுத்தாணியாக்கிக்கொண்டார் என்பது நாட்டில் வழங்கிவரும் வரலாறு. எவ்வாறாயினும், பல் ஒடிந்த திருமுகமே நமக்கு மங்கலத்தின் வடிவமாயிற்று. பல்லின் வரிசை மாறிய குழந்தையைப் பழிப்பவர், வரிசை மாறிய கொம்பையுடைய பெருமானைத்தானே நாள்தோறும் தோப்புக்கரணமிட்டு வணங்குகிறார்!

இன்னும் ஓர் இணைப்பு உண்டு. கணபதி வழிபாட்டில் இன்று முதலாவதாக ஓதப்பெறும் ரிக்வேத மந்திரம் இரண்டாம் மண்டலத்து 23ஆம் சூக்தத்தில் இருக்கிறது. அது பிரமணஸ்பதியைக் கணங்களின் தலைவர் என விளிக்கிறது. முதற்பல்லை மங்கலமாக்குமாறு அதர்வ வேத முனிவர் அழைத்ததும் அந்தப் பிரமணஸ்பதியையே. ஆகவே, பல் முளைத்த குழந்தையை ஏந்திக்கொண்டு தெருக்கோடிப் பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை படைக்கும் தாய், மிகத் தொன்மையான ஒரு வேண்டுதலைத் தன் எளிய முறையில் செய்து முடிக்கிறாள்.

காசியபர் வகுத்த கணக்கு

ஆயுர்வேதத்தில் குழந்தை மருத்துவத்திற்கெனச் சிறப்பாக அமைந்தது காசியப சம்ஹிதை. நேபாளத்தில் கிடைத்த சுவடியைக் கொண்டு 20ஆம் நூற்றாண்டில் அச்சேறிய நூல் அது. அதில் பற்களின் பிறப்பைப் பற்றியே தனி அத்தியாயம் இருக்கிறது. பற்கள் மொத்தம் 32 என்றும், அவற்றுள் 8 ஒருமுறை மட்டும் தோன்றுபவை என்றும், எஞ்சிய 24 இருமுறை தோன்றுபவை என்றும் அது வகுக்கிறது. எந்த மாதத்தில் பல் தோன்றுகிறதோ அந்த எண்ணிக்கையுள்ள ஆண்டில் அது விழுந்து மீண்டும் முளைக்கும் என்பது அந்நூல் தரும் கணக்கு.

இன்று பல் மருத்துவம் கூறுவது இது: பால் பற்கள் 20, நிலைத்த பற்கள் 32. ஆகவே 20 இடங்களில் பல் இருமுறை தோன்றுகிறது. பின்கடைவாயின் 12 இடங்களில் ஒருமுறை மட்டுமே தோன்றுகிறது. எண்ணிக்கை சற்று வேறுபட்டாலும், ஒருமுறை பிறப்பவை, இருமுறை பிறப்பவை என்ற பாகுபாட்டை அக்காலத்திலேயே கண்டு பிரித்தது வியப்புக்குரியது. மாதமும் ஆண்டும் பற்றிய கணக்கு முதற்பற்களுக்கு ஏறத்தாழப் பொருந்துகிறது. ஆறேழு மாதத்தில் முளைத்த கீழ் நடுப்பற்கள் ஆறேழு வயதில் விழுகின்றன. பின்னால் வரும் கோரைப் பல்லுக்கும் கடைவாய்ப் பல்லுக்கும் இக்கணக்கு பொருந்தாது.

பற்கள் தோன்றும் வரிசையைத் தாய்மார்கள் அறிந்திருப்பது நலம். 6 முதல் 10 மாதத்திற்குள் கீழ் நடுப்பற்கள் இரண்டு. 8 முதல் 12 மாதத்திற்குள் மேல் நடுப்பற்கள் இரண்டு. அடுத்து அவற்றின் இருபுறமும் உள்ள வெட்டுப் பற்கள். 13 முதல் 19 மாதத்தில் முதல் கடைவாய்ப் பற்கள். 16 முதல் 23 மாதத்தில் கோரைப் பற்கள். 2 முதல் 3 வயதுக்குள் இரண்டாம் கடைவாய்ப் பற்கள். இத்துடன் இருபதும் நிறையும். சில மாதங்கள் முன்பின் ஆவது இயல்பு. பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு வருந்த வேண்டியதில்லை. ஒன்றரை வயதாகியும் ஒரு பல்கூட முளைக்கவில்லை என்றால் மருத்துவரிடம் காட்டலாம்.

வெளியே தெரியும் நாளே பல்லின் பிறந்தநாள் அன்று. கருவுற்ற ஆறாவது வாரத்திலேயே பல்லின் முளை தோன்றத் தொடங்குகிறது. நான்காம் மாதம் முதல் அதில் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டிப்படுகிறது. வளைகாப்பும் சீமந்தமும் நடக்கும் நாளில், வயிற்றிலுள்ள குழந்தையின் தாடைக்குள் இருபது பால் பற்களும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. கர்ப்பிணிக்குப் பாலும் கீரையும் எள்ளும் கொடுத்துப் பேணுவது பிறக்கப்போகும் குழந்தையின் புன்னகையையும் பேணுவதே ஆகும்.

பல்லின் மேல் பழி போடலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். பல் முளைக்கும் பருவத்தில் குழந்தைக்கு எச்சில் அதிகம் வடியும், கையில் அகப்பட்டதையெல்லாம் கடிக்கும், இரவில் சிணுங்கும், ஈறு சற்றே சிவந்து தடிக்கும். இவை இயல்பானவை. ஆனால் கடும் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வாந்தியும் வந்தாலும் ‘பல் முளைக்கிறது, அப்படித்தான் இருக்கும்’ என்று இருந்துவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. பல நோய்களுக்குப் பல் முளைப்பதே காரணம் என்று வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயமும் கருதியது. அக்காலத்தில் நுண்ணுயிரிகள் கண்ணுக்குப் புலப்படவில்லை.

உண்மை வேறு. தாயின் வயிற்றில் இருந்தபோது பெற்ற நோய்த் தடுப்பாற்றல் ஆறாம் மாத அளவில் குறையத் தொடங்குகிறது. அப்பருவத்தில்தான் குழந்தை தவழ்ந்து, தரையிலுள்ள பொருளை வாயில் இடுகிறது. புதிய உணவும் தொடங்குகிறது. வயிற்றுப்போக்குக்குக் காரணம் வாய்வழிச் செல்லும் கிருமியே அன்றிப் பல் அன்று. பல் முளைப்பதும் நோய் வருவதும் ஒரே காலத்தில் நிகழ்வதால், ஒன்று மற்றொன்றின் காரணம்போல் தோன்றுகிறது. வயிற்றுப்போக்கில் உடல்நீர் வற்றினால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துக்கொண்டே உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மேல் பல்லின் மீது மாமனின் நோயைச் சுமத்துவது ஒரு தவறு. குழந்தையின் நோயைப் பல்லின் மீது சுமத்திவிட்டு வாளா இருப்பது அதைவிடப் பெரிய தவறு.

ஈறு வலிக்குச் சுத்தமான விரலால் மெல்லத் தடவிக் கொடுக்கலாம். குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த தூய துணியைக் கடிக்கக் கொடுக்கலாம். ஓராண்டு நிறையாத குழந்தைக்கு ஈறில் தேன் தடவுவதைத் தவிர்க்க வேண்டும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி, அவ்வயதில் நரம்புகளைத் தாக்கும் நோயை உண்டாக்க வல்லது. ஈறை மரத்துப்போகச் செய்யும் களிம்புகளையும் மருத்துவரைக் கேளாமல் பூச வேண்டா.

இருமுறை பிறக்கும் பேறு

வடமொழியில் ‘த்விஜ’ என்ற சொல்லுக்கு இருமுறை பிறப்பது என்பது பொருள். முட்டையாக ஒருமுறையும் குஞ்சாக ஒருமுறையும் பிறப்பதால் பறவைக்கு அப்பெயர். உபநயனம் பெற்றவர்க்கும் அப்பெயர். பல்லுக்கும் அதே பெயர்தான். நிலத்தில் விழுந்த விதை மீண்டும் முளைப்பதுபோல் விழுந்த பல்லும் மீண்டும் முளைப்பதைக் கண்டவர்கள் இட்ட பெயர் அது.

ஐந்தரை அல்லது ஆறு வயதில் முதல் பல் ஆடத் தொடங்கும்போது, குழந்தை வாழ்வில் முதன்முதலாக ஓர் இழப்பை எதிர்கொள்கிறது. தன் உடலின் ஒரு பகுதி தன்னை விட்டுப் போகிறதே என்று சில குழந்தைகள் அழுதுவிடும். கண்ணாடியில் பார்த்து வாயைப் பொத்திக்கொள்ளும். அப்போது பெரியவர் சொல்லும் ஒரு சொல் போதும்: “போனது போகட்டும் கண்ணே, இதைவிட உறுதியான பல் வரும்.” பிரிவைப் பற்றி நாம் குழந்தைக்குக் கற்பிக்கும் முதற்பாடம் இதுவே. அதைக் கேலியோடு கற்பிப்பதும், கனிவோடு கற்பிப்பதும் நம் கையில் இருக்கிறது.

அதனால்தான் விழுந்த பல்லை நம் மக்கள் குப்பையில் எறிவதில்லை. சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவார்கள். சிலர் மண்ணில் புதைப்பார்கள். இலங்கையில் அணிலை அழைத்து, பழைய பல்லை எடுத்துக்கொண்டு புதுப் பல் தருமாறு கேட்டுக் கூரைமேல் போடுவார்கள். வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருக்கும் கூரிய பல் அணிலுக்கு உண்டு. அதனிடம் கேட்பது பொருத்தமான வேண்டுதலே! ஓட்டுக் கூரை இல்லாத அடுக்குமாடி வீட்டில் வாழ்பவர்கள் பூந்தொட்டியின் மண்ணில் குழந்தையின் கையாலேயே புதைக்கச் செய்யலாம். இழந்ததை மரியாதையோடு வழியனுப்பும் பழக்கம் அதனால் மனத்தில் பதியும்.

பல் எவ்வாறு விழுகிறது என்பதும் இறைவன் படைப்பின் நுட்பத்தைக் காட்டுவது. புதுப் பல் அடியிலிருந்து எழும்போது, பால் பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைந்து உடலிலேயே சேர்ந்துவிடுகிறது. வேர் முழுதும் கரைந்த பின் தலைப்பகுதி மட்டும் ஈறில் ஒட்டிக்கொண்டு ஆடுகிறது. ஆகவேதான் விழுந்த பால் பல்லில் நீண்ட வேர் காணப்படுவதில்லை. நூலைக் கட்டிக் கதவில் இழுப்பது போன்ற துன்புறுத்தல்கள் வேண்டா. நாவினாலும் தூய விரலினாலும் குழந்தையே அசைத்து அசைத்து, காலம் கனிந்ததும் பழம்போல் தானே உதிரும்.

6, 7 வயதில் கீழ் நடுப்பற்களும், 6 முதல் 8 வயதுக்குள் மேல் நடுப்பற்களும், 9 முதல் 12 வயதுக்குள் கோரைப் பற்களும் கடைவாய்ப் பால் பற்களும் விழும். சில குழந்தைகளுக்குப் பழைய பல் விழுமுன்பே அதன் பின்புறம் புதுப் பல் முளைத்து இரட்டை வரிசையாகத் தோன்றும். பெரும்பாலும் பழைய பல் விழுந்ததும் புதியது முன்னே நகர்ந்துவிடும். பழைய பல் அசையாமலே இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். புதுப் பல்லின் நிறம் சற்று மஞ்சளாக இருப்பதும், விளிம்பு ரம்பம்போல் இருப்பதும், மேல் நடுப்பற்களுக்கிடையே இடைவெளி இருப்பதும் இயல்பே. கோரைப் பற்கள் வந்து சேரும்போது அந்த இடைவெளி பெரும்பாலும் மூடிக்கொள்ளும்.

‘விழப்போகும் பல்தானே!’

பால் பல்லுக்கு நாம் இழைக்கும் பெரிய அநீதி இந்த ஒரு சொல்லில் இருக்கிறது. விழப்போகும் பல்தானே என்று சொத்தையைக் கவனியாமல் விட்டுவிடுகிறோம். பால் பல்லின் எனாமல் மெல்லியது. சொத்தை விரைவில் உள்ளே பரவும். வலியால் குழந்தை உண்ண மறுக்கும், உறக்கம் கெடும். வேரடியில் சீழ் பிடித்தால், கீழே வளர்ந்துகொண்டிருக்கும் நிலைத்த பல்லும் பழுதுபடலாம். மேலும், பின்னால் வரவிருக்கும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பதே பால் பல்லின் கடமை. அது உரிய காலத்துக்கு முன்பே போய்விட்டால் அக்கம்பக்கத்துப் பற்கள் சாய்ந்து, புதியது நேராக எழ வழியின்றிப் போகும். அடுத்து வருபவருக்காக இடம் காத்து, வந்ததும் விலகிக்கொள்ளும் அந்தச் சிறு பல்லை நாமும் காக்க வேண்டாமா?

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆறாம் வயதில், எந்தப் பல்லும் விழாமலே, கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஒரு கடைவாய்ப் பல் ஓசையின்றி முளைக்கிறது. அது பால் பல் அன்று. வாழ்நாள் முழுதும் இருக்க வேண்டிய பல். அதையும் விழப்போகும் பல் என்று எண்ணிப் பலர் இழந்துவிடுகிறார்கள்.

கோயிலுக்குச் செல்லும் குடும்பங்களில் குழந்தைக்குப் பஞ்சாமிர்தமும் சர்க்கரைப் பொங்கலும் கற்கண்டும் கிடைத்துக்கொண்டே இருக்கும். பிரசாதத்தைத் தடுக்க வேண்டா. உண்டபின் நீரால் வாய் கொப்பளிக்கப் பழக்கினால் போதும். உணவுக்குப் பின் வாய் கொப்பளிப்பது நம் ஆசாரமே ஆயிற்றே! இனிப்பை ஒரே வேளையில் உண்பதைக் காட்டிலும் நாள் முழுதும் வாயில் அடக்கிச் சுவைப்பதே பல்லுக்குக் கேடு. பால் புட்டியை வாயில் வைத்தபடி உறங்க விடக் கூடாது. முதற்பல் முளைத்த நாள் முதலே காலையும் இரவும் துலக்க வேண்டும். புளோரைடு கலந்த பற்பசை மூன்று வயது வரை அரிசி அளவும், ஆறு வயது வரை பட்டாணி அளவும் போதும். ஓராண்டு நிறைவுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

விளையாடும்போது விழுந்து நிலைத்த பல் வேரோடு கழன்றுவிட்டால், வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பிடித்து எடுத்து, பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் விரைந்தால் மீண்டும் பொருத்திக் காக்க வாய்ப்பு உண்டு. பால் பல் அவ்வாறு கழன்றால் மீண்டும் பொருத்துவதில்லை. எனினும் குழந்தையை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பூஷனுக்கும் பங்கு உண்டு

மயிலாடுதுறை மாவட்டத்தில், செம்பனார்கோயிலை அடுத்த திருப்பறியலூர், அட்ட வீரட்டத் தலங்களுள் ஒன்று. தக்கன் வேள்வியைச் சிவபெருமான் அழித்த தலமாகப் போற்றப்படுவது. அவ்வேள்வியில் சிவபெருமானை இகழ்ந்தபோது பல்லைக் காட்டிச் சிரித்தவன் பூஷன் என்னும் ஆதித்தன். வீரபத்திரர் அவனுடைய பற்களை உதிர்த்துவிட்டார். பிறரை எள்ளி நகைக்கும் பல்லுக்கு நேர்ந்த கதி அது.

ஆனால் வரலாறு அங்கே முடியவில்லை. பெருமான் சினம் தணிந்து எல்லோருக்கும் அருளியபோது பூஷனையும் விலக்கிவிடவில்லை. பல் இல்லாத அவனுக்கு மாவாக அரைத்த உணவை அவியாக இடலாயிற்று. வேள்வியில் பூஷனுக்கு மட்டும் அரைத்த மாவைப் படைக்கும் மரபை வேத நூல்களும் கூறுகின்றன. பல் போனவன் என்பதற்காக அவனுடைய பங்கு பறிக்கப்படவில்லை. அவன் உண்ணத்தக்க வடிவில் கொடுக்கப்பட்டது.

நம் இல்லங்களிலும் பல் இல்லாதோர் இருவர் உண்டு. ஒருவர் இன்னும் முளைக்காத மழலை. மற்றவர் எல்லாம் உதிர்ந்த பாட்டனார். ஒருவருக்கு இனி இருமுறை பிறக்கும். மற்றவருக்கு இருமுறையும் பிறந்து முடிந்துவிட்டது. குழைந்த பருப்புச் சோற்றில் நெய் விட்டு இருவருக்கும் பரிமாறும் வீட்டில், அதர்வ வேத முனிவர் கேட்ட வரம் நிறைவேறிவிடுகிறது. எந்தப் பல் முந்தியது, எந்தப் பல் பிந்தியது என்ற கேள்வி அங்கே எழுவதில்லை.

அடுத்த முறை நம் உறவில் ஒரு குழந்தைக்குப் பல் முளைத்த செய்தி வந்தால், ‘மேலா, கீழா’ என்று கேளாதிருப்போம். பிள்ளையாருக்குக் கொழுக்கட்டை படைத்து, பெற்றோரையும் குழந்தையையும் ஒன்றாக அமர்த்தி வாழ்த்துவோம். ஏகதந்தப் பெருமான் எல்லா மழலைகளுக்கும் உறுதியான பல்லும், நோயற்ற வாழ்வும், நாளும் உண்ண அன்னமும் அருள்வாராக!